நான் எழுதிய சரியான விடை

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதம். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பார்வையில்லாத ஒரு மாணவி சொல்லச் சொல்ல விடை எழுதும் வேலைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். நான் கூடுவாஞ்சேரிப் பக்கம் தமிழாசிரியை. கிளம்பும்போதே உடன் வேலை செய்யும் ஆசிரியை ஒருவர், "பாவம் மிஸ், கொஞ்சம் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். எங்களுக்குள் இது சகஜம். யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை.

அன்று அறிவியல் தேர்வு. அவளுக்குத் தனி அறை, ஒரு மணி நேரம் கூடுதல். அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே எனக்கு மனசு இளகிவிட்டது. என் இளகிய மனசு பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளோ மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். என் கைதான் வலித்தது. இரும்புச்சத்துக் குறைந்தால் வரும் நோய் எது என்ற கேள்விக்கு மட்டும் தயங்கி, "முன்கழுத்துக் கழலை" என்றாள். அது அயோடின் குறைந்தால் வருவது; இதற்கு விடை இரத்தசோகை என்று தமிழ் நடத்துகிற எனக்கே தெரியும். வாயைத் திறக்காமல் இரத்தசோகை என்றே எழுதிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும், "மிஸ், முதல்லேர்ந்து ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க" என்றாள். படித்தேன். அந்த இடம் வந்தபோது, எழுதியிருந்ததை அப்படியே வாசித்துவிட்டேன்.

"நான் அத சொல்லலையே மிஸ்."

குரலைத் தாழ்த்தி, "நீ சொன்னது தப்பும்மா. இதான் சரி. யாருக்கும் தெரியாது, விடு" என்றேன்.

"ஒன்பதாவதுல நல்ல மார்க் வாங்குனேன் மிஸ். எனக்கு எழுதுன அக்காவே விடையெல்லாம் போட்டுட்டாங்கன்னு கிளாஸ்ல எல்லாரும் சொன்னாங்க" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். "நான் சொல்றத மட்டும்தான் எழுதணும்னு ரூல்ஸ்லயே இருக்கு மிஸ். அடிச்சிட்டு நான் சொன்னதையே எழுதுங்க."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவளால் என் முகத்தைப் பார்க்க முடியாது என்று ஒரு கணம் நிம்மதிகூடப் பட்டேன். அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்து இன்னும் கூசிப்போனேன். இரத்தசோகையை அடித்துவிட்டு, அவள் சொன்ன தப்பான விடையை எழுதினேன்.

வெளியே அவளுடைய அம்மா காத்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்க புண்ணியம் மிஸ்" என்றார்.

"நான் சொன்னத அப்படியே எழுதுனாங்கம்மா" என்றாள் அவள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டேன்.

சட்டம் அவளுக்குக் கொடுத்தது என் கையை மட்டும்தான். கேட்காமலே என் மூளையையும் நுழைத்து, அவளுடைய பரீட்சையை நான் எழுதப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.