ஆறு முடிச்சு

சபையாரே, இதே இடத்தில் நின்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு எண்களின் அர்த்தம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நிற்பது அதற்காக இல்லை. என் மகள் எஸ்தர் எட்டு வயதில் எப்படிச் செத்தாள் என்பதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களில் பலர் அடக்கத்துக்கு வந்தீர்கள். ஜுரம் என்று மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். மீதியை இன்று சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையையும் சொல்ல முடியாது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன் நான். பெயர் யோவான். அப்பா காலத்தில் இரட்சிக்கப்பட்ட குடும்பம். தறிக்காரனுக்கு விடிந்தால் எண்ணிக்கைதான். பாவில் இத்தனை இழை, சேலைக் கரையில் இத்தனை, பூவுக்கு இத்தனை என்று எண்ணி எண்ணி, வேதத்தைத் திறந்தாலும் எண்தான் கண்ணில் படும். மூன்று, உயிர்த்தெழுதல். ஆறாம் நாள் படைக்கப்பட்டதால் ஆறு மனுஷனுடைய எண். ஏழு முழுமை. நாற்பது சோதனை. பிரசங்கம் முடிந்ததும் பெண்கள்கூட வந்து, "அண்ணே, நூத்தி அம்பத்திமூணு மீனுன்னு போட்டிருக்குதே, அது இன்னா கணக்கு?" என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது. இந்தச் சபையில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அறுபதுகளின் கடைசி. ஐப்பசி அடைமழை. தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோயிருந்தது. அப்போதுதான் எஸ்தருக்கு ஜுரம் வந்தது. கஷாயம் கொடுத்தோம், நெற்றிக்குப் பற்றுப் போட்டோம். ஒரு வாரம் ஆகியும் இறங்கவில்லை. பிள்ளை வாடிப்போனாள். எனக்கு அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது. எரிகோவின் மதில் ஏழாம் நாள் விழுந்தது. குஷ்டரோகி நாகமான் ஆற்றில் ஏழாம் தரம் முழுகி எழுந்தபோது சுத்தமானான். எலியாவின் வேலைக்காரன் ஏழாம் தரம் போய்ப் பார்த்தபோதுதான் உள்ளங்கை அளவு மழைமேகம் தெரிந்தது. ஆகவே நானும் ஏழு நாள் உபவாசம். அதுவரை வைத்தியரும் இல்லை, மருந்தும் இல்லை. நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போனால், நாகமான் ஆறாம் முழுக்கோடு கரையேறிப் போன மாதிரி ஆகிவிடும் என்று தீர்மானித்தேன்.

தறியில் மிச்சமான சிவப்புப் பட்டு நூலைத் திரித்து, எஸ்தரின் பாய்க்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். தினமும் காலை ஜெபம் முடிந்ததும் ஒரு முடிச்சு. அவளுக்கு அது விளையாட்டு. கண்ணைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பாள்.

"அப்பா, எத்தினி முடிச்சு ஆச்சு?"

"மூணும்மா."

"இன்னும் நாலு. அப்புறம் நான் எழுந்து ஓடிடுவேன், இல்லப்பா?"

ஓடிடுவே கண்ணு என்று சொன்னேன்.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் வந்தார். நெற்றியில் திருநீறு மாறாத மனுஷர். எங்கள் தெருவிலேயே நல்ல நெசவுக்காரர். வாசலில் நின்று, "யோவானு, புள்ளை முகமே சரியில்லப்பா. மாட்டு வண்டி சொல்லி இட்டாந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போலாம், வா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவர் முன்னாலா என் விசுவாசத்தை விட்டுக்கொடுப்பது? "எங்க ஆண்டவர் ஏழாம் நாள் பதில் சொல்லுவாரு. நீங்களே வந்து பாருங்க" என்று சவடாலாகச் சொன்னேன். அவர் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

என் மனைவி சலோமி அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னை எதிர்த்துப் பேசினாள். "பாவுல ஒரு இழை அறுந்தா தறியை நிறுத்திட்டு ஒடனே முடிச்சுப் போடறீங்க. இன்னும் ஏழு முழம் நெய்ஞ்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு வுடுவீங்களா? இது நம்ம எஸ்தருங்க!"

நான் கத்தினேன். அவிசுவாசி என்றேன். உன்னால்தான் ஜெபம் தடைபடுகிறது என்றேன். அந்த வார்த்தைக்கு என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

ஏழாம் நாள் காலையில் எஸ்தரைத் தொட்டுப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது. ஜுரம் இல்லை! முடிச்சுப் போடக்கூட நிற்கவில்லை. அல்லேலூயா என்று கத்திக்கொண்டு மழையில் தெருவுக்கு ஓடினேன். ஏகாம்பரம் வீட்டுக் கதவைத் தட்டி, "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்றேன். அவர் வந்து பிள்ளையின் வயிற்றில் கை வைத்தார். வயிறு பலகை மாதிரி இருந்தது. "யோவானு, இது ஜுரம் வுட்ட உடம்பு இல்லப்பா" என்றார். மத்தியானத்துக்குள் என் எஸ்தர் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை. வேதத்தைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். சலோமி என்னைத் திட்டவில்லை. எனக்கு முன்னால் அழக்கூட இல்லை. சோறு போட்டாள், நூல் சுற்றிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை. தறிக்கு எதிரே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த சலோமி அப்படியே சாய்ந்தாள். தூக்கப் போனேன். உடம்பு சுட்டது.

"எப்போலேர்ந்து இப்படி? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "சொன்னா நீங்க எண்ண ஆரம்பிச்சிடுவீங்க."

சபையாரே, எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் என்னை இப்படி உடைத்ததில்லை. தறிக்குழி ஓரத்திலேயே குப்புற விழுந்தேன். "ஆண்டவரே, நான் பாவி. இவளையாவது காப்பாத்து." அவ்வளவுதான் என் ஜெபம். வசனம் வரவில்லை, எண்ணும் வரவில்லை. ஆனால் வேதத்தில் வரும் ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். பதினெட்டு வருஷம் கூனியாய்க் கிடந்தவள். ஓய்வுநாளில் ஆண்டவர் அவளைத் தொட்டு நிமிர்த்தியபோது ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம் வந்தது. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்து குணமாகிக்கொள்ளக் கூடாதா என்று ஜனங்களை அதட்டினான். அந்தப் பதினெட்டுக்கு எத்தனை தடவை உங்களுக்கு அர்த்தம் சொல்லியிருப்பேன்! அவளைத் தொடுவதற்கு ஆண்டவர் இன்னொரு நாளுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. அந்தத் தலைவன் நான்தான்.

எழுந்து ஏகாம்பரம் வீட்டுக்கு ஓடினேன். "வண்டி..." என்றேன். "வண்டி நான் பாத்துக்கறேன். நீ அவங்களைத் தூக்கிக்கினு வாப்பா" என்றார். பழைய பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எத்தனை நாளா ஜுரம்?" என்று கேட்டார்.

"தெரியலீங்கம்மா. நான் எண்ணலை."

சோதித்துப் பார்த்துவிட்டு, இது டைபாய்டு என்றார். முற்றுவதற்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டீர்கள், இதற்கு மருந்து இருக்கிறது என்றார். எஸ்தருக்கும் வந்தது இதுதான் என்று அப்போது புரிந்தது. முன்னாலேயே என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சலோமிக்காக நன்றி சொல்லி அழுதேன். எஸ்தருக்காகவும் அழுதேன். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

சலோமி பிழைத்தாள். எத்தனை நாளில் என்று கேட்காதீர்கள். முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாய் வீட்டுக்கு வந்தாள். ஆனாலும் வந்தாள். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். எஸ்தருக்காக ஜெபித்தபோதும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாலாம் நாளே என் வாசலுக்கு வண்டி அனுப்பினார். நான்தான் திருப்பி அனுப்பினேன்.

வேதத்தில் இருக்கிற எண்களுக்கு அர்த்தம் இல்லை என்று சொல்ல வரவில்லை. நூறு ஆட்டில் ஒன்று குறைகிறது என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினதால்தானே? எண்ணிவிட்டு அவன் உட்காரவில்லை, தேடிப் போனான். நம் தலைமயிரைக்கூட எண்ணி வைத்திருக்கிறவர் ஒன்றும் தொலையக்கூடாது என்றுதான் எண்ணுகிறார். என்னை மாதிரி மடையன்தான் அதைக் காத்திருக்கும் தவணையாக மாற்றிக்கொள்கிறான். உங்கள் வீட்டில் யாராவது படுத்திருந்தால் முழங்கால் போடுங்கள். முழு மனதோடு கேளுங்கள். எழுந்ததும் வண்டி பிடியுங்கள். அவரை நம்புங்கள். அவர் அனுப்புகிற ஆளையும் நம்புங்கள், அந்த ஆளின் நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சலோமி துணிப்பெட்டியைத் திறந்து, அந்தச் சிவப்பு நூலை எடுத்து என் கையில் வைத்தாள். அது காணாமல் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். ஆறு முடிச்சு இருந்தது. மனுஷனுடைய எண் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதே ஆறு. ஏழாவதைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாணாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எஸ்தருக்காக அழுதோம்.

அந்த நூல் இப்போது என் வேதத்துக்குள் இருக்கிறது. ஆண்டவர் என்னை அழைத்துக்கொள்ளும் நாளில் எஸ்தர் எதிரே ஓடிவருவாள். எத்தினி முடிச்சு ஆச்சுப்பா என்றுதான் முதலில் கேட்பாள். ஆறுதான் கண்ணு, அதுக்கப்புறம் அப்பா எண்ணவே இல்லை என்று சொல்லுவேன்.