சைக்கிளில் பதினொரு பொட்டுகள்

"முழுசா உரிச்சு பவுடர் கோட்டிங் போடட்டா அக்கா? இல்ல லேசாத் தேச்சுட்டு மேலயே ஸ்பிரே அடிச்சுரட்டா?"

பெயின்ட் பட்டறைக்காரர் இதைக் கேட்டு இன்றோடு எட்டு நாள் ஆகிறது. இரண்டே விடைகள் உள்ள கேள்வி. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்ததில் தொடங்கியது இது. பள்ளிக்கூடம் ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஒரு நாள் வருவார், ஒரு நாள் வரமாட்டார். மஸ்கட்டிலிருந்து கணவர், "ஒரு ஸ்கூட்டி எடு, தீந்துது" என்கிறார். எனக்கு எஞ்சின் சத்தம் கேட்டாலே கை வியர்க்கும். தடுமாறாமல் நான் செய்த ஒரே காரியம் சைக்கிள் ஓட்டியதுதான். பக்கத்து ஊரான புத்தளத்தில் அம்மா வீட்டுப் பின்சாய்ப்பில் கிடந்த என் பழைய லேடீஸ் சைக்கிளை ஒரு மினி வேனில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தேன். பின்னால் குழந்தை இருக்கை பொருத்த வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஹெல்மெட்.

ஹெல்மெட் வாங்குவதற்குள் எத்தனை வீடியோ பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டுமாம். மகளுக்கு நான் பார்த்துவிட்டேன். எனக்கு யார் பார்ப்பது? கண்ணாடி முன்னால் நின்று என் கழுத்தை நானே பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகளைக் கட்டில்மேல் ஏற்றி விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் ஐந்து விரலையும் விட்டுவிட்டு, "சரியா இருக்கும்மா" என்றாள். ஒருத்திக்கு இன்னொருத்தி போட்டுப் பார்க்க வேண்டிய சாமான் அது.

பட்டறையில் கதவுகளும் ஜன்னல் கம்பிகளும்தான் அதிகம் வரும். நிற அட்டையை நீட்டினார். எல்லாமே வாசல் கேட்டுக்கு அடிக்கிற நிறம். எது அழுக்குத் தெரியாது, எது வெயிலில் வெளிறாது, எது மங்கிய நேரத்திலும் லாரிக்காரர் கண்ணில் படும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே யாரோ பெயின்ட் தின்னர் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாசனை வந்ததும் எனக்கு நிறமெல்லாம் மறந்துபோனது. அது நெயில் பாலிஷ் வாசனை. எனக்கு அது நஸீமா.

கோட்டாறில் ஒரு மருந்து மொத்தக் கடையில் எனக்கும் அவளுக்கும் ஒரே நாளில் வேலை கிடைத்தது, கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலை. நான் புத்தளத்திலிருந்து சுசீந்திரம் வழியாக மிதித்து வருவேன். அவள் இடலாக்குடி வளைவில் ஒற்றைக்காலை ஊன்றி நிற்பாள். அங்கிருந்து இருவரும் சேர்ந்து போவோம். பர்தா சக்கரத்தில் மாட்டாமலிருக்க ஓரத்தில் அவளே பிரஸ் பட்டன் வைத்துத் தைத்திருந்தாள். எனக்கு அந்த அறிவு இல்லை. முதல் வாரமே என் புது ஷால் பின்சக்கரத்தில் சுற்றி, கழுத்து இறுகி, நடுரோட்டில் நின்றேன். அப்போதும், "வெட்டாத, அம்ம ஏசுவா" என்றுதான் சொன்னேனாம்.

"ஏட்டி, ஒனக்கு ஷாலு வேணுமா, களுத்து வேணுமா?" என்று கேட்டபடியே, அட்டைப்பெட்டி திறக்கிற பிளேடால் அறுத்தாள்.

மழை கிடையாது என்று தெரிந்த மாதத்திலும் நான் ரெயின்கோட்டு கொண்டுபோவேன். "சானல்லயே தண்ணியக் காணோம், நீ கோட்டு கொண்டு நடக்கிய" என்று வழியோர வாய்க்காலைக் காட்டிக் கேலி செய்வாள்.

எங்கள் வீட்டுப் பக்கம் உப்புக்காற்று. சைக்கிளில் ஒரு கீறல் விழுந்தால் ஒரே வாரத்தில் துரு பூத்துவிடும். அதற்கு மருந்து கண்டுபிடித்தவளும் அவள்தான். கைப்பையில் எப்போதும் ஒரு மரூன் நெயில் பாலிஷ் வைத்திருப்பாள். ஆனால் விரலில் போடமாட்டாள். தொழுகைக்கு முன் ஒளு செய்ய, கைகால் கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும், பாலிஷ் இருந்தால் படாது. "பின்ன என்னத்துக்குடி வாங்குத?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் மக்கா ஒளு கூடாது. சைக்கிளு தொழாதுல்லா" என்று என் சைக்கிளின் முதல் கீறலில் ஒரு பொட்டு வைத்தாள். ஊதிக் காயவைத்தாள். அப்படியே பதினொன்று. அவள் கல்யாணம் முடிந்து சவூதிக்கு, தம்மாமுக்குப் போகிற வாரம் ஹாண்டில் கழுத்தில் வைத்ததுதான் கடைசிப் பொட்டு.

ஒருமுறை விடுமுறையில் வந்தவள் போன் செய்தாள். "நாளைக்கிக் காலத்த வா மக்கா, பழைய வளைவுல நிக்கேன். மணிமேடை வரைக்கும் ஒரு மட்டம் சைக்கிள் சவுட்டிட்டு வருவோம்." மகளுக்கு அப்போது ஐந்து மாதம். இரவே லேசாக உடம்பு சுட்டதுபோல இருந்தது. காலையில் மாமியாரிடம் கேட்டேன், கணவரிடம் போனில் கேட்டேன், தெர்மாமீட்டரை நான்கு முறை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. அதற்குள் பதினொரு மணியாகிவிட்டது. 'அடுத்த தடவை' என்று செய்தி அனுப்பினேன். 'ஒரு மணிக்கூர் நின்னேன். சாரமில்ல மக்கா, பரவால்ல' என்று பதில் வந்தது. தன் தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். சில மாதம் கழித்து அந்த எண் வேலை செய்யவில்லை. இடலாக்குடி வீட்டையும் விற்றுவிட்டார்கள்.

அன்று பட்டறைக்காரர் கத்தி முனையால் ஒரு பொட்டை நெம்பிக் காட்டினார். அடியில் செம்மண் போலத் துரு உதிர்ந்தது. "நெயில் பாலிஷா போட்டிய? மேல மூடினா உள்ள ஈரம் நின்னு திங்கும்லாக்கா. களுத்துலயும் ஒண்ணு இருக்கு. பிள்ளைய வச்சுட்டுப் போற வண்டி. உரிச்சுப் பாத்தாத்தான் வெடிப்பு உண்டா இல்லயான்னு தெரியும்."

அவர் சொல்வதுதான் சரி. சரி என்று எனக்குத் தெரிகிறது. தலையாட்டிவிட்டு, "நாளைக்குச் சொல்லுதேன்" என்று வந்துவிட்டேன். நாங்கள் நல்லது என்று நினைத்து மூடிய இடத்தில்தான் அதிகம் கெட்டிருக்கிறது. வருமுன், உரித்தால் படமாவது இருக்கட்டும் என்று பொட்டுகளைப் போனில் படமெடுத்துப் பார்த்தேன். மரூன், கறுப்பாகத்தான் விழுகிறது.

நேற்று ஆட்டோவில் இடலாக்குடி வழியாகப் போனேன். யாருக்காகவாவது ஒற்றைக்காலை ஊன்றி நிற்க அங்கே இப்போது இடமில்லை. வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன. எங்களைப்போல் சைக்கிளில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்திகூடக் கண்ணில் படவில்லை.

சைக்கிளும் பெயின்டும் தெரிந்தவர்கள் எனக்கு ஒன்று சொல்லுங்கள். முழுசாக உரித்து, வெடிப்பு இல்லை என்று பார்த்து, புதுப் பூச்சு போட்ட பிறகு, துருவே இல்லாத நல்ல இடத்தில், மரூன் நெயில் பாலிஷில் ஒரே ஒரு பொட்டு வைத்தால் கெடுதல் உண்டா? உண்டென்றாலும் சொல்லுங்கள். பட்டறைக்காரரிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.