கழுதை வென்றிருந்தால்

அமெரிக்காவைப் பற்றி எனக்கு முதன்முதலில் தெரியவந்த செய்தி, அங்கே தேர்தல் என்றால் எப்போதும் யானைக்கும் கழுதைக்கும்தான் போட்டி என்பது. சொன்னவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. பாரிஸுக்கு வெளியே, வில்லியே லே பெல்லில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கிழமை நாட்களில் பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமெரிக்க ஜனாதிபதிகளை மாற்றினார்.

மாற்றும் வேலை பாரிஸின் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருந்த ஒரு சலூனில் நடந்தது. அம்மா கடை கடையாக ஏறி மீனும் மரக்கறியும் வாங்கி முடிக்கும்வரை அப்பாவும் சித்தப்பாவும் அங்கே குந்தியிருப்பார்கள். முடி வெட்ட வேண்டியது ஒருவருக்குத்தான் இருக்கும், சில வேளை ஒருவருக்குமே இராது. எனக்கு அப்போது எட்டு வயது. சுவரில் மாலை போட்டுத் தொங்கிய பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்த கதிரை என்னுடையது.

சித்தி இலங்கையில், வன்னியில் இருந்தார். சமாதான காலத்தில் சித்தப்பாவுக்கு இங்கே வதிவிட கார்ட் கிடைத்து, சித்தியைக் கூப்பிடுவதற்கான அலுவல்கள் எல்லாம் சரிவரும் நேரத்தில் சண்டை மறுபடி தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். சித்தி உள்ளே அகப்பட்டுக்கொண்டார். இதற்கு யார் காரணம் என்று கேட்டால் சலூனில் ஆளுக்கொரு பதில் இருந்தது. சித்தப்பாவின் பதில் புளோரிடா.

"உந்தப் புளோரிடாவிலை ஒரு ஊர்ச் சனம் வோட்டை மாறிப் போட்டிருந்தால் கழுதை வெண்டிருக்கும்," என்று தொடங்குவார். "கழுதை வெண்டிருந்தால் ஈராக்குக்குப் போயிருக்க மாட்டினம். காண்கிற ஆக்களையெல்லாம் பயங்கரவாதி எண்டு சொல்லுற கதையும் வந்திராது. அது வந்திராட்டில் எங்கடை சமாதானம் முறிஞ்சிராது. பாதை திறந்திருக்கும். அவள் கொழும்புக்கு வந்து பிளேன் ஏறியிருப்பாள்."

"எ அப்ரே?" என்று நான் பிரெஞ்சில் கேட்பேன். பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் கேட்பேன்.

"பிறகென்ன. எர்-எ-எர் ரயில் எடுத்து வில்லியே லே பெல்லிலை இறங்குவாள். கடைசிப் பெட்டியிலை. உன்ரை சித்திக்குச் சனத்துக்குள்ளை இடிபடப் பிடிக்காது."

இந்த இடத்தில் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அத்தைக்கு மீசை முளைச்சால் சித்தப்பா," என்பார். சலூன்காரர் சிரிப்பார். எங்கள் வீட்டில் அப்பாவின் அக்காவை மாமி என்றுதான் கூப்பிடுவோம். அத்தை என்ற சொல்லை நான் அந்தப் பழமொழியில் மட்டுமே கேட்டிருந்தேன். அதனால் அத்தை என்பவர் யாரோ ஒருவர், எங்கேயோ மீசைக்காகக் காத்திருக்கிறார், முளைத்தவுடன் சித்தப்பாவாகிவிடுவார் என்று விளங்கி வைத்திருந்தேன். என் சித்தப்பாவுக்கு அந்தத் தகுதி தாராளமாக இருந்தது. மேலுதட்டை முழுவதும் மூடிய மீசை. கலியாணப் படத்தில் சித்தியின் பக்கத்தில் நிற்கும்போதும் அதே மீசைதான், கொஞ்சம் கறுப்பாக.

புளோரிடா அலுத்துப்போனால் அடுத்த தேர்தலின் ஒஹையோவுக்குப் போவார். அங்கேயும் பிழைத்துவிட்டால், மூன்றாவதாக ஒருவர் வந்து வாக்கைப் பிரிக்காமல் இருந்திருந்தால் என்பார். தான் பிறப்பதற்கு முன் நடந்த தேர்தலையும் விட்டுவைக்கவில்லை. பல இடங்களில் ஆளையும் ஆண்டையும் குழப்பினார் என்று பின்னாளில் படித்தபோது தெரிந்தது. யானையின் மேல் அவருக்கு இருந்த கோபம்கூட, ஊர்த் தேர்தலில் ஒரு கட்சிக்கு யானைச் சின்னம் இருந்த பழைய கோபம் என்று சலூன்காரர் சொல்வார். ஆனால் எந்தத் தேர்தலில் தொடங்கினாலும் சித்தி கடைசிப் பெட்டியிலிருந்து இறங்குவதில்தான் முடிப்பார். அது விளையாட்டின் விதி என்று நான் நினைத்தேன். பாண்டி விளையாட்டில் கோட்டை மிதிக்கக் கூடாது என்பதைப் போல.

நானும் விளையாடினேன். "யானைக்கும் கழுதைக்கும் சரிசமமா விழுந்திருந்தால்?" என்று ஒரு முறை கேட்டேன். சித்தப்பா மீசையை நீவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"அப்படியெண்டால் நாள் வைச்சு மாறி மாறி ஆளவேணும். செவ்வாய்க்கிழமை கழுதையின்ரை முறை. அண்டைக்குப் பாதை திறக்கும். புதன்கிழமை சித்தி வந்திடுவா."

புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நானும் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்பதால் அந்தத் தேர்தல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரேயொரு சங்கடம் பிள்ளையார். அவர் யானைக் கட்சி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோயிலுக்குப் போனபோது, இந்த ஒரு தரம் மட்டும் தோற்றுப்போகும்படி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன்.

பிள்ளையார் கேட்டார். அந்த இலையுதிர் காலத்தில் கழுதை வென்றது. சித்தப்பா பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி ரோல்ஸ் வாங்கி வந்து சலூனில் முடி வெட்ட வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பாதி வெட்டிய தலையோடு ஒருவர் ரோல்ஸ் சாப்பிட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"இனி 'ஆல்' இல்லை, அண்ணை," என்றார் அப்பாவிடம். "வெண்டிருந்தால் இல்லை. வெண்டாச்சு."

அப்பாவும் பழமொழியை எடுக்கவில்லை. ஒரு ரோல்ஸ் எடுத்தார்.

குளிர்காலம் முழுவதும் சண்டை சித்தி இருந்த பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. சித்தியின் தொலைபேசி எப்போதாவது ஒரு தரம் வரும், ஒரு நிமிடத்தில் அறுந்துவிடும். பிறகு அதுவும் நின்றுவிட்டது. வசந்தம் வந்தபோது லா ஷப்பல் முழுவதும் ஒரே கதைதான். அமெரிக்கா கப்பல் அனுப்புகிறதாம், சனத்தை ஏற்றிப் போகிறதாம், இன்றைக்கு வெளிக்கிட்டுவிட்டதாம், இல்லை நாளைக்காம். மீன் வெட்டுகிறவர் கத்தியை வைத்துவிட்டுக் கப்பலைப் பற்றிச் சொன்னார். சித்தப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பதாகை பிடிக்கும் கூட்டங்களில் நாள் முழுக்க நின்றார். குரல் போய்விட்டது. கப்பல் வரவில்லை.

"கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையாப் போச்சு," என்றார் சலூன்காரர். பகிடியாகத்தான் தொடங்கினார், நடுவிலேயே குரல் இறங்கிவிட்டது.

அன்றைக்குச் சித்தப்பா கட்சி மாறினார். "யானை வெண்டிருந்தால்," என்று அடைத்த குரலில் தொடங்கினார். "யானை பிடிவாதக்காரன். பிடிவாதக்காரன்தான் ஒருத்தரையும் கேளாமல் கப்பலை அனுப்புவான். யானை வெண்டிருந்தால் இப்ப அவள் கப்பலிலை..." நான் 'எ அப்ரே' கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து போய் வெளியே நின்றார். எனக்கோ யானைக் கட்சிப் பிள்ளையாரின் பெயர் கெடாமல் தப்பியதில் ஒரு சின்ன நிம்மதி.

அதற்கடுத்த வாரம் என்னை ஸ்தேனில் இருந்த ஓர் அன்ரி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அம்மாவோடு வேலை செய்தவர். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, ஆனாலும் அனுப்பினார்கள். அன்ரி கேட்டதெல்லாம் சமைத்துத் தந்தார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சினார். அவருக்குத் தடிமன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து என்னை அழைத்துக்கொண்டு நேரே சலூனுக்குப் போனார். சித்தப்பா தன் வழக்கமான கதிரையில் இருந்தார். அவர்தான் என்று கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மீசை இல்லை. மூக்குக்குக் கீழே வெயில் படாத வெளிறிய தோல், அதற்குக் கீழே நான் அதுவரை கண்டிராத ஓர் உதடு. அந்த உதடு மெல்லியதாகவும் சின்னப் பிள்ளையுடையது போலவும் இருந்தது.

எல்லோரும் தரையில் கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ஒரு நல்ல பகிடி வேண்டும் என்று எனக்குப் பட்டது. என்னிடம் ஒன்று இருந்தது.

"அத்தைக்கு மீசை முளைச்சால் சித்தப்பா. சித்தப்பாவுக்கு மீசை போனால் அத்தையோ?"

சலூன்காரரின் கத்தரிக்கோல் நின்றது. அப்பாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது, அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"விடண்ணை," என்றார் சித்தப்பா. "அவள் சரியாத்தானே கேக்கிறாள்."

என்னைக் கிட்டே கூப்பிட்டு மடியில் இருத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையாகவே கவலை வந்தது. அது வேறு கவலை. "மீசை இல்லாட்டில் ஸ்டேஷனிலை சித்திக்கு உங்களை அடையாளம் தெரியாதே," என்றேன்.

சித்தப்பா அந்தப் புது உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "ஓம் பிள்ளை," என்றார். "தெரியாதுதான். நான் வளர்க்கிறன்."

அந்த வாரம், வன்னியிலிருந்து முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் சித்தியின் செய்தியைச் சொல்லியிருந்தார். உடல் என்று ஒன்று கிடைக்கவில்லை. ஐயரைக் கூப்பிட்டு, தர்ப்பையில் உருவம் செய்து, சித்தப்பா தன் கையால் கிரியை செய்து முடித்திருந்தார். பிள்ளை இல்லாத மனைவிக்குக் கொள்ளி வைக்கிற புருஷன் மீசை மழிக்க வேண்டும். இதை எனக்கு அம்மா சொன்னது எவ்வளவோ காலம் கழித்து, நானே கேட்ட பிறகுதான்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் மீசை வளர்க்கிறார் என்பதுதான். காலையில் அவர் பல் தீட்டும்போது எவ்வளவு வந்திருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பேன். சித்தி வருவதற்குள் முளைத்துவிட வேண்டுமே என்று அவசரப்பட்டேன். மெல்ல மெல்ல வந்தது, பழைய கறுப்பில் பாதிதான் வந்தது. அமெரிக்காவைப் பற்றி அவர் அதன்பின் பேசவில்லை. நானாக ஒஹையோ என்று தொடங்கினாலும் தலையைத் தடவிவிட்டு எழுந்து போவார்.

மீசை முழுதாக வளர்ந்த பிறகு ஒரு நாள் லா ஷப்பலிலிருந்து சித்தப்பாவும் நானும் மட்டும் வீடு திரும்பினோம். வில்லியே லே பெல்லில் இறங்கியதும் நான் படிப்பக்கம் ஓடினேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், மரக்கறிப் பையோடு மேடையில் நின்று கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் இறங்கி முடிந்தது, கதவு மூடி ரயில் போனது. மேடை வெறுமையான பிறகும் நின்றார். நானும் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே பக்கம் பார்த்தேன். இன்றைக்கு இல்லாவிட்டால் புதன்கிழமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரப்போகிறவரைத் தேடி ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கிரியை எல்லாம் செய்து முடித்துவிட்ட ஒருவரும் அப்படியேதான் பார்ப்பார் என்பது தெரியவில்லை.