எண்ணுவதற்கு முன் போட்ட டிக்

விவேக் நகர் சோனியாவுக்குக் கரப்பான்பூச்சி என்றால்கூடப் பயம். ஆனால் ஒன்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பத்தொன்பது கேள்விகள் கொண்ட செக்லிஸ்ட் உண்டு. கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை! காலையில் காபி குடிக்கும்போதே அன்றைய தாள்கள் எல்லாவற்றிலும் மளமளவென்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவது அங்கே வழக்கம். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று சோனியாவும் அடித்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்ரீராம்புரம் சின்னத்தாயிக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். முடிகிற நேரம். ரத்தம் ஒற்ற வயிற்றுக்குள் வைக்கும் துணியை 'மாப்' என்பார்கள். பத்து கொடுத்திருந்தாள், திரும்பி வந்தது ஒன்பது. மறுபடி எண்ணினாள், ஒன்பதுதான். பக்கெட்டைக் கவிழ்த்தாள், மேஜைக்கு அடியில் தேடினாள். எங்கும் இல்லை.

டாக்டர் வெங்கடராமன் தையல் நூல் கேட்டார். தாளிலோ 'மாப் எண்ணிக்கை சரி' என்று ஏழே முக்காலுக்கே அவள் போட்ட டிக். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் அந்தத் துணி சின்னத்தாயியின் வயிற்றுக்குள்ளேயே கிடந்து சீழ் பிடிக்கும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

"சார்... மூடாதீங்க. ஒரு மாப் குறையுது."

"ஷீட்ல டிக் இருக்கேம்மா?"

"அது காலையில எண்ணாம போட்டது சார்."

"சும்மா டென்ஷன் பண்ணாதே! எல்லாம் எடுத்துட்டேன். நூலைக் குடு."

சோனியா நூல் பாக்கெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"ஒருவாட்டி கைவிட்டுப் பாருங்க சார், கும்பிடறேன்."

முறைத்துக்கொண்டே கையை விட்டார். குடலுக்குப் பின்னாலிருந்து, ரத்தத்தில் ஊறிய பத்தாவது மாப் வந்தது. சோனியா நூலை எடுத்து நீட்டினாள்.

வேலை போகவில்லை. மறுநாளிலிருந்து கேள்வியை உரக்கக் கேட்டு, பதில் வந்த பிறகுதான் டிக். டாக்டரே நின்று பதில் சொல்கிறார். சின்னத்தாயியும் தையல் பிரித்துக்கொண்டு, "சிஸ்டர் நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

பயம்தான் போகவில்லை. ஒன்பது வருஷத்தில், எண்ணாமலே டிக் அடித்த வயிறுகள் எத்தனை? பஸ் ஸ்டாப்பில் எந்தப் பெண்ணாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் சோனியாவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கிட்டே போய்க் கேட்கிறாள்:

"அக்கா, உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது ஆச்சா? எந்த ஆஸ்பத்திரியில?"