இறக்கத்தை மறந்து வாங்கிய கேம்ஷாஃப்ட்

இப்போதெல்லாம் காரின் பானெட்டைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. போன வருஷம் அப்படியில்லை. எங்கள் பழைய காரை வேகமான வண்டியாக்குகிறேன் என்று கிறுக்குப் பிடித்து அலைந்தேன். ஐம்பது வயதில் வந்த கிறுக்கு, சொன்னால் கேட்காது.

சேலத்தில் இன்ஜின் வேலை செய்பவர் மேசையில் மூன்று கேம்ஷாஃப்டுகளை எடுத்து வைத்தார். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தண்டுதான் தீர்மானிக்கிறது. பெரியதைப் போட்டால் மேல் வேகத்தில் பறக்கும். ஆனால் சும்மா நிற்கும்போது இன்ஜின் திக்கித் திணறும்.

"தெனமும் ஓட்டற வண்டிக்குச் சின்னதே போதுமுங்க. ஊட்டுல வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தானுங்க" என்றேன்.

பச்சைப் பொய். மலைமேல் இருக்கும் நாகலூரிலிருந்து சேலத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதை ஓட்டிக்கொண்டு போவது என் மனைவி. அதைச் சொன்னால் பெரியதைத் தர மாட்டார் என்று தெரியும். அந்தத் திணறல் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெரியதையே போட்டுக்கொண்டேன். மலை ஏறும்போது எப்படி இழுக்கும் என்று நாள் முழுக்கப் பேசினோம். இறங்குவதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் மலையில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். தப்பென்று எல்லோருக்கும் தெரியும், யாரும் விடுவதில்லை.

பிரேக்கை லேசாக மிதித்தால் போதும் என்றிருப்பது இன்ஜின் உறிஞ்சும் காற்றின் உதவியால்தான். பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜின் நியூட்ரலில் திணறும்போது அந்த உறிஞ்சல் பாதிகூட இருக்காது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான். கடிபட்டது அவள்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டு மூன்று தடவை மிதித்ததும் பிரேக் மிதி கல்லாக இறுகிவிட்டது, எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, ஓரச் சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறாள். போன் வந்ததும் ஓடினேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு காயமும் இல்லை.

"நியூட்ரல்லயா எறக்குன?" என்று கத்தினேன். பயத்தில் வந்த கோபம், அதுவும் அவள் மேலேயே.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரித்தானுங்க எறக்குனேன்."

அந்த வாரமே பழைய கேம்ஷாஃப்டைத் திரும்பப் போட்டேன். நானே பத்துத் தடவை மலை இறங்கி பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. இன்று காலையும் சாவியை எடுத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாப் வரைக்கும் உட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க, நடந்தே போயிக்கறேன்" என்று செருப்பை மாட்டினாள்.