ஒரே பாயில் அக்காவும் தம்பியும்

மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழரை. இருவரையும் கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டவர் என் கணவர்தான். ஆனால் போட்டியன்று அவருக்குக் கந்தோரில் வேலை. பிள்ளைகளை நான்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போனேன். மகன் முன்பாரில், மகள் கரியரில். குண்டு போடும் பிளேன் வருகிறதா என்று வழி முழுக்க என் காது வானத்திலேயே இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்துக்குள் கால் வைக்குமுன் பதுங்குகுழி எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

சாவகச்சேரியிலிருந்து வரவேண்டிய பிள்ளைகள் வரவில்லை. பஸ் இல்லை. அதனால் பத்து வயதுக்கு உட்பட்டவர்களை ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒன்றாக விட்டார்கள். இரண்டு சுற்று முடிய, இறுதிக்கு மிஞ்சியவர்கள் என் பிள்ளைகள் இரண்டு பேருந்தான்.

பக்கத்திலிருந்த ஒரு தாய் சிரித்தார். "ஆர் வெண்டாலும் கிண்ணம் உங்கடை வீட்டுக்குத்தானே, பேந்தென்ன யோசினை?"

எனக்கு யோசனை வேறு. மகனுக்கு முட்டு வருத்தம். ஏங்கி அழுதால் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அந்த நாளில் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டே குளிசைகள். மகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "தோத்தால் தம்பி அழுவான். விட்டுக்குடு, பிள்ளை" என்றேன்.

அவள் இடுப்புப் பட்டியை இழுத்து இறுக்கிக்கொண்டு, "ஓம்" என்றாள். மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பிறகு மனம் கேளாமல் மகனிடமும் போய், "அக்காவின்ரை முகத்திலை பட்டிடும், அடியாதை" என்றேன். அதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பாயில் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கை நீளும், தொடுமுன் திரும்பிவிடும்.

"என்ன, கும்மியே அடிக்கினம்?" என்று பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ கத்த, மண்டபமே சிரித்தது. நடுவர் நிறுத்தினார். "இன்னொருக்கா இப்பிடி நிண்டால் ரெண்டு பேரையும் வெளியிலை விடுவன்."

மகன் காலை உதறினான். "அக்கா வேணுமெண்டு விடுறா, சேர்!"

"அம்மாதான் விடச் சொன்னவா," என்றாள் மகள்.

"எனக்கும் அடிக்க வேண்டாமெண்டு சொன்னவா!"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. எழுந்து நின்றேன். "ரெண்டு பேரும் வடிவா விளையாடுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டது.

மறுகணம் அவள் கால் அவன் விலாவில் பட்டது. பிறகு இன்னொரு தரம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

மகன் ஓடிவந்து என் மடியில் விழுந்து அழுதான். அவன் நெஞ்சில் காதை வைத்தேன். இழுப்பா, விம்மலா? முதுகைத் தடவினேன், மறுபடி காதை வைத்தேன். விம்மல்தான். நான் நிமிர்ந்தபோது கைதட்டல் ஓய்ந்திருந்தது. மகள் எவர்சில்வர் கிண்ணத்தோடு மேடையடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது கரியரிலிருந்து கேட்டாள்: "அம்மா, நான் கிண்ணம் வாங்கேக்கை பாத்தனீங்களே?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப, வாங்கிப்போட்டு நான் என்ன செய்தனான்?"

"பிளேன் சத்தம் கேக்குது, கதையாமல் இறுக்கிப் பிடி," என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்தேன். வானத்தில் ஒரு சத்தமும் இல்லை.