முப்பது பேருக்கு ஒரு ஜோடி கையுறை

இன்று குற்றாலத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கு உயிரித்தொழில்நுட்பச் செய்முறைப் பயிற்சி. சுரண்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போனேன்.

வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. பிரிக்க வேண்டும். திரவத்தை அளந்து உறிஞ்சும் பிப்பெட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"டீச்சர், தொடாதீங்க. நான் செய்யுதேன்லா, நீங்க பாருங்க," என்றார் பயிற்சியாளர்.

கடைசியில் போட்டோவுக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் கையுறை மாட்டி, கையில் பிப்பெட்டைக் கொடுத்தார். என்னிடம் வந்த கையுறை உள்ளே ஈரம். முப்பது பேருக்கும் அதே ஜோடிதான்.

"ஏன் சார், நாளைக்குப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் செஞ்சு காட்ட?"

"போட்டோவக் காட்டுங்க டீச்சர்."

சான்றிதழில் 'தன் கையால் செய்து தேர்ச்சி பெற்றார்' என்றிருக்கிறது.

கீழே அந்தப் போட்டோ. கையுறைக்குள் இருப்பது என் கைதான். வியர்வை, எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேருடையது.

உங்கள் ஊரில் எத்தனை ஜோடி கொடுத்தார்கள்?